மூன்றாவது புண்

புறப்பொருள் பாடிய நம் புலவர்கள் போரில் படும் புண்ணை இருவகையாகப் பகுத்துக் கண்டனர். மார்பிலும் முகத்திலும் ஏற்பது விழுப்புண். முதுகில் படுவது புறப்புண். முன்னது புகழுக்கும் பின்னது நாணுக்கும் உரியவை. வெண்ணிப் போரில் மார்பிற் பாய்ந்த படைக்கலம் முதுகையும் ஊடுருவியமையால், அதனைப் புறப்புண்ணெனக் கருதி நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. இவ்விரு புண்களும் கண்ணுக்குப் புலப்படுவன. உடலில் வடு ஏதுமின்றி உள்ளத்தில் படும் மூன்றாவது புண் ஒன்றும் உண்டு. அதனைப் புண்ணென ஏற்க மறுத்தமையால் விளைந்த கொடுமைகளுக்கு முதல் உலகப் போரின் வரலாறே சான்று. அவ்வரலாற்றை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும் என்பது நம் கருத்து.

1914ஆம் ஆண்டு மூண்ட அப்போரில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வெட்டப்பட்ட பதுங்குகுழிகளுக்குள் வீரர்கள் நாட்கணக்கில் பீரங்கிக் குண்டுமழையைத் தாங்கியிருக்க வேண்டியதாயிற்று. எதிர்த்துத் தாக்கவும் இயலாது. விலகி ஓடவும் இயலாது. இந்நிலையில், உடலில் ஒரு கீறலும் இல்லாத இளைஞர் பலர் பேச்சிழந்தனர், பார்வையிழந்தனர், கைகால் நடுக்கம் தீராது தவித்தனர். இத்தகையோர் மூவரைப் பற்றிச் சார்லஸ் மையர்ஸ் என்னும் உளவியலறிஞர் 1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, 'ஷெல் ஷாக்' என்னும் சொல்லை மருத்துவ ஏட்டில் ஏற்றியது. குண்டின் அதிர்வு மூளையைத் தாக்கியதே காரணம் என முதலில் எண்ணினர். குண்டு வெடித்த இடத்தை அணுகாதவர்களுக்கும் அதே குறிகள் தோன்றவே, அச்சமும் துயரும் உள்ளத்தை முறித்தன என்பது மெல்ல விளங்கிற்று. பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர்.

படைத்தலைமை இவர்களை ஓர் எழுத்தால் பிரித்தது. பகைவர் குண்டினால் நேர்ந்தது எனச் சான்று கிடைப்பின், காயத்தைக் குறிக்கும் 'டபிள்யூ'. இல்லையேல், நோயைக் குறிக்கும் 'எஸ்'. முன்னவர்க்குக் காயம்பட்ட வீரர்க்குரிய பட்டையைச் சட்டைக் கையில் அணியும் உரிமை உண்டு, பின்னவர்க்கு இல்லை. 1917இல் 'ஷெல் ஷாக்' என்னும் சொல்லையே எழுதலாகாது என ஆணை பிறந்தது. விழுப்புண், புறப்புண் என்னும் பழைய பாகுபாடு வேறோர் உருவில் அங்கும் நின்றதைக் காண்கிறோம்.

இப்பாகுபாடு உயிரையும் பறித்தது. ஹாரி ஃபார் என்னும் வீரர் 1915இல் இந்நோயால் ஐந்து திங்கள் மருத்துவமனையில் கிடந்தவர். 1916 செப்டம்பரில், சோம் போர்க்களத்தின் முன்னணிக்குச் செல்ல இயலாது என மறுத்தார். தம் பக்கம் வழக்குரைக்க எவருமின்றிச் சிறிது நேரமே நடந்த இராணுவ விசாரணையில் கோழை எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, அக்டோபர் 16 அன்று தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இளம் மனைவிக்கு ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது. 2006இல் பிரித்தானியப் பாராளுமன்றம், அப்போரில் இவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்குச் சட்டத்தின் வழி மன்னிப்பு வழங்கியது. அதனைக் காண ஃபாரின் மகள் உயிருடன் இருந்தார். அதற்கு அக்குடும்பம் 90 ஆண்டுகள் காத்திருந்தது.

மருத்துவர்கள் யாவரும் இரக்கமற்றவராய் இருந்தனர் என்று கூறுதல் தகாது. ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், நம் நீலகிரியில் தோடர்களை ஆராய்ந்து 1906இல் பெருநூல் வெளியிட்டவர். பிறர் வாழ்வைச் செவிமடுத்துக் கேட்டுப் பழகிய அவர், கொடிய நினைவுகளை மறக்குமாறு கட்டளையிடாமல், அவற்றைப் பேசித் தெளியுமாறு நோயாளிகளை ஊக்கினார். அதே காலத்தில் லண்டனில் லூயிஸ் யெல்லாண்ட் என்னும் மருத்துவர், பேச்சிழந்த சாதாரணப் படைவீரர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். பதவிக்கேற்ப மருத்துவமும் வேறுபட்டது.

ரிவர்ஸின் பரிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. நலமுற்றோரை மீண்டும் போர்முனைக்கு அனுப்புவதே அவருக்கு இடப்பட்ட பணி. 1917இல் அம்மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் நலம்பெற்றுப் போர்முனைக்குத் திரும்பி, போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்னர், 1918 நவம்பர் 4 அன்று மாண்டார். மருத்துவர் கடமைப்பட்டிருப்பது நோயாளிக்கா, படைக்கா? இராணுவ மனநல மருத்துவத்தின் அடிப்படை வினா இதுவே என நாம் கருதுகிறோம்.

இரக்கம் காட்டினால் படையின் கட்டுப்பாடு குலையும் என்பார் உளர். வரலாறு அதனை மறுக்கிறது. கோழைமைக்கும் படையிலிருந்து ஓடுதற்கும் இருந்த மரணதண்டனையைப் பிரித்தானியா 1930இல் நீக்கியது. அத்தண்டனை இன்றியே அதன் படை இரண்டாம் உலகப் போரை நடத்தி வென்றது. ஆயினும் பழைய மனப்பான்மை எளிதில் மறையவில்லை. 1943 ஆகஸ்டில், சிசிலியின் இராணுவ மருத்துவமனைகளில் இருந்த இரு வீரர்களைக் கோழைகள் என ஏசி அறைந்த அமெரிக்கத் தளபதி பேட்டன், மேலதிகாரியின் கட்டளையால் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வியட்நாம் போரிலிருந்து மீண்டவர்களும் அவர்கட்குத் துணைநின்ற மருத்துவர்களும் போராடியதன் பயனாக, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இடம்பெற்றது. போர்வீரர்க்காகத் தேடிய அப்பெயர், விபத்திலும் வன்கொடுமையிலும் இயற்கைச் சீற்றத்திலும் சிக்கியவர்களின் துயரையும் நோயென ஏற்கச் செய்தது.

ஆகவே, மொழி பயில்வோர் உள்ளத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஃபாரின் உயிரைப் பறித்த தோட்டாக்களுக்கு முன்னே சென்றது 'கோழை' என்னும் சொல். நம் ஊர்களிலும், பேரிடரில் தப்பி வந்து உறக்கமின்றி நடுங்கும் ஒருவரைப் 'பயந்தாங்கொள்ளி' என்றும் 'பைத்தியம்' என்றும் சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். விழுப்புண் என்னும் அரிய சொல்லைப் படைத்த தமிழில் 'மனப்புண்' என்னும் சொல்லும் வழக்கில் உள்ளது. அதனை இத்தகையோர்க்கு உரிய மதிப்புடன் வழங்குவோம்; அவர்களை ஏசாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பெரியோர்கள் தத்தம் இல்லத்திலும் தெருவிலும் இதற்கு முன்நிற்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.