கர்ப்பப்பைப் புற்று: கிழங்கு எங்கே இருக்கிறது?

கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது திரும்பி வரும்.

வைத்தியத்தில் குறை இல்லை. கிராமத்துப் பெண்கள் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் கதிர் சிகிச்சை இருக்கிறது. அதோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்பது 1999-ம் ஆண்டிலேயே ருசுவாகிவிட்டது. கட்டி சுருங்குகிறது, கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பலருக்கு அத்தோடு தொல்லை தீர்ந்தது. சிலருக்கு மட்டும், பெரும்பாலும் இரண்டு வருடங்களுக்குள், மறுபடியும் உதிரப்போக்கு, இடுப்பு வலி. இந்த இரண்டாவது தடவையில் டாக்டர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

அழிந்த கட்டி எங்கிருந்து முளைத்தது?

கோரைக் கிழங்கு

வயலில் கோரை மண்டினால் குடியானவன் என்ன செய்வான்? மேலே அறுத்துப் போடுவதால் பயன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. அது இருக்கும் வரையில் கோரையும் இருக்கும்.

புற்றுக்கட்டியிலும் இப்படி ஒரு கிழங்கு உண்டு என்கிறார்கள் விஞ்ஞானிகள். கட்டியில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. பெரும்பாலானவை சில தடவை பெருகி ஓய்ந்துவிடும். மிகச் சில மட்டும் தன்னைப் போலவே இன்னொன்றையும் உண்டாக்கும். கட்டி முழுவதையும் புதிதாக உற்பத்தி செய்யவும் செய்யும். இவற்றுக்கு மூல உயிரணு, அதாவது ஸ்டெம் செல் என்று பெயர்.

இது வெறும் யூகம் அல்ல. கானடாவில் டொரான்டோ நகரத்தில் ஜான் டிக் என்பவரும் அவரது சகாக்களும் ரத்தப் புற்றின் அணுக்களை எலிகளுக்குள் செலுத்தினார்கள். குறிப்பிட்ட ஒரு சிறு கூட்டம்தான் நோயை உண்டாக்கியது. இது 1994-ல். மார்பகப் புற்றிலும் இதே கதைதான் என்று 2003-ல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் கண்டார்கள். ஒரு வகை அணுக்களில் 100 போதும், எலிக்குக் கட்டி வந்தது. மற்ற வகையில் பல்லாயிரம் அணுக்களைச் செலுத்தியும் ஒன்றும் ஆகவில்லை!

பிறகு கர்ப்பப்பை வாய்ப் புற்றிலும் தேடத் தொடங்கினார்கள். அங்கும் இத்தகைய அணுக்கள் இருப்பதற்கு அடையாளங்கள் கிடைத்தன. இவை தப்பிப் பிழைக்கும் விதம் ஆச்சரியமானது. மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. இவையோ சோம்பேறி போலத் தூங்கிக் கிடக்கின்றன. மருந்து உள்ளே நுழைந்தாலும் பம்பு வைத்து இறைப்பதுபோல் வெளியேற்றிவிடுகின்றன. கதிர் பட்டு உடைந்ததைத் தாமே ஒட்டுப்போட்டுக் கொள்கின்றன. கதிர் நன்றாக வேலை செய்யப் பிராணவாயு வேண்டும். கட்டியின் நடுவில் அது குறைவு. அங்கேதான் இவற்றில் பல பதுங்குகின்றன.

சிக்கல் இதோடு நிற்கவில்லை. இந்த அணுக்களைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்டும் முத்திரை என்று ஒன்றை இதுவரை எல்லா நிபுணரும் ஒப்புக்கொள்ளவில்லை. நெருக்கடி வந்தால் சாதாரணப் புற்றணுவே மூல அணுவாக மாறிவிடுகிறது என்றும் ஒரு கட்சி சொல்கிறது. இலையே கிழங்காக மாறுமானால் குடியானவன் என்ன செய்வான்? கர்ப்பப்பை வாய்ப் புற்றின் மூல அணுவை மட்டும் குறி பார்த்துக் கொல்லும் மருந்து இன்னும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை.

இந்த ஆராய்ச்சிகளில் பலவற்றுக்குப் பயன்படும் அணுக்கள் ஒரு ஏழைப் பெண்ணின் உடலிலிருந்து வந்தவை. ஹென்ரியட்டா லாக்ஸ், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சிகிச்சைக்கு வந்த கறுப்பின மாது. ஐந்து குழந்தைகளின் தாய். 1951-ல் அவருக்கு ரேடியம் வைத்தார்கள். நோய் அடங்கவில்லை, வயிறெங்கும் பரவிற்று. எட்டு மாதத்தில், 31-வது வயதில் இறந்துபோனார். அவரைக் கேளாமல் எடுத்த அணுக்கள் 'ஹீலா' என்ற பெயரில் உலகத்துச் சோதனைச்சாலைகளில் இன்றும் பெருகி வருகின்றன. அவருடைய பிள்ளைகளுக்கு இந்த விஷயம் தெரிய இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. விஞ்ஞானத்துக்கு அது பெருமை தரும் அத்தியாயம் அல்ல.

எல்லைக் கோடு

கட்டி வளர்ந்த பிறகு கிழங்கைத் தேடுவது கஷ்டம். ஆனால் நோய் எங்கே பிறக்கிறது என்பது தெரியும். கர்ப்பப்பை வாயின் வெளிப்புறத்தில் ஒரு வகைத் தோல். உட்புறத்தில் வேறு வகை. இரண்டும் சந்திக்கும் எல்லைக் கோட்டில் ஒரு தனி அணுக்கூட்டம் இருப்பதை 2012-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். கருவில் இருந்தபோது உண்டான அணுக்களின் மிச்சம் அது. இந்த நோயில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது என்பது அவர்கள் முடிவு. அந்த இடத்தை எடுத்துவிட்டால் அந்த அணுக்கள் திரும்ப முளைப்பதில்லை என்றும் கண்டார்கள்.

தொடங்கி வைப்பது பாப்பிலோமா என்ற வைரஸ். அதன் 16-ம் நம்பர் வகையை 1983-ல் இந்தப் புற்றில் கண்டுபிடித்தவர் ஜெர்மன் நிபுணர் ஹரால்ட் ஜூர் ஹாஸன். 2008-ல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸ் ஒட்டிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருடங்களில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினாலும், புற்றாக மாறச் சாதாரணமாக 15 முதல் 20 வருடம் பிடிக்கும்.

இருபது வருடம் அவகாசம் கொடுக்கிற எதிரி வேறு எது?

வினிகரும் ஒரு நிமிடமும்

அந்த எல்லைக் கோட்டைப் பார்க்கப் பெரிய யந்திரம் வேண்டாம். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். அதை 3 முதல் 5 சதவிகிதம் கலந்த நீரைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். குளிரூட்டி அதை அழித்துவிடலாம்.

இதனால் உயிர் பிழைக்குமா என்பதைத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களிலேயே பரீட்சித்துப் பார்த்தார்கள். 2000-ம் ஆண்டு தொடங்கிய அந்தச் சோதனையில் பயிற்சி பெற்ற நர்சுகளே பரிசோதித்தார்கள். பல பேருக்குச் சிகிச்சையும் செய்தார்கள். வயது 30 முதல் 59 வரை. முடிவு 2007-ல் வெளியாயிற்று. அழைக்கப்பட்ட கிராமங்களில் நோய் நூற்றுக்கு 25 பங்கும், சாவு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன.

வினிகருக்கும் ஒரு குறை உண்டு. மாதவிலக்கு நின்றபின் எல்லைக் கோடு உள்ளே போய்விடும், கண்ணுக்கு எட்டாது. அப்போது வைரஸ் பரிசோதனைதான் நம்பகமானது. அதற்கு வேண்டிய மாதிரியைப் பெண்ணே மறைவில் எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்துக்கும் இடமில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-லிருந்து இந்தப் பரிசோதனையைத்தான் முதலாவதாகச் சொல்கிறது. சிறுமிகளுக்குத் தடுப்பு ஊசி 2006-லிருந்தே இருக்கிறது.

இத்தனையும் இருந்து, 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் மாண்டார்கள். 2019-21-ல் எடுத்த தேசிய சர்வேயில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்துப் பேர். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

மூல அணுவைக் கொல்லும் மருந்தைத் தேடுவதற்குப் பணம் செலவிடுவது நியாயம்தான். நோய் திரும்பிய பெண்ணுக்கு வேறு நம்பிக்கை குறைவு. ஆனால், அந்த மருந்து வரட்டும் என்று வினிகர் புட்டியை அலமாரியில் பூட்டி வைத்திருப்பது என்ன நியாயம்? கிராம நர்சுக்குப் பயிற்சியும், சந்தேகமானவரை அன்றைக்கே குணப்படுத்தும் குளிர்க் கருவியும் இல்லாமல் "முகாம் நடத்தினோம்" என்று கணக்கு எழுதுவதிலும் பிரயோஜனம் இல்லை. சர்க்கார் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டாரும் கவனிக்க வேண்டும். திண்டுக்கல் கிராமங்களில் 49 ஆயிரம் பெண்களை வீடு தேடிப் போய் அழைத்தார்கள். காசு கேட்கவில்லை. வந்தவர்கள் 31 ஆயிரம் பேர். 18 ஆயிரம் பேர் வரவில்லை.