ஹிஸ்டரியோடு ஒரு மொழியும் சேர்த்துப் படித்தால் என்ன? தென்காசிக்கு ஏன் அது தேவை?

ஜூன் வந்தால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இரண்டு வகைக் கூட்டம். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பும் கூட்டம் ஒன்று. மார்க் ஷீட் ஃபைலோடு காலேஜுக்கு ஓடும் கூட்டம் இன்னொன்று. இரண்டாவது கூட்டத்தில் யாராவது 'பி.ஏ. ஹிஸ்டரி' என்று சொல்லிவிட்டால் போச்சு. "அதைப் படிச்சிட்டு என்ன செய்யப்போற?" என்று பெரியப்பா ஆரம்பிப்பார். "டி.என்.பி.எஸ்.சி-க்கு நல்லதுல்லா" என்று அம்மா சமாளிப்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அதே வீட்டில் நர்ஸிங் முடித்த அக்கா ஜெர்மன் கிளாஸ் போனால் ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறது. ஆக, மொழி என்றால் விசா, வரலாறு என்றால் போட்டித்தேர்வு என்று நம் மண்டையில் தனித்தனி டப்பா. இரண்டையும் ஒரே ஆள் சேர்த்துப் படித்தால்?

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் 'வரலாறும் நவீன மொழிகளும்' என்று ஒரே டிகிரியாகவே இருக்கிறது. 4 வருஷப் படிப்பு, அதில் ஒரு வருஷம் வெளிநாட்டில். 'அவங்களுக்குச் சரி, நமக்கு எதுக்கு' என்று தோன்றும். ஆனால், இந்தச் சேர்க்கை தென்காசிக்காரர்களுக்கு ரொம்பவே தேவைப்படுகிறது. காரணம், செங்கோட்டை.

வாஞ்சிநாதன் ஊரின் பழைய ஃபைல்கள்

தென்காசியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம் செங்கோட்டைக்கு. ஆனால் 1956 நவம்பர் 1 வரை அது வேறு ராஜ்யம். முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். கன்னியாகுமரிப் பகுதி தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே நாளில்தான் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தது. ஊர் வந்துவிட்டது. பழைய அரசு ஆவணங்கள்? அவற்றைத் தேடினால் திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே காத்திருப்பது மலையாளமும் ஆங்கிலமும்.

வாஞ்சிநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது செங்கோட்டை. வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டது மணியாச்சியில், பிரிட்டிஷ் எல்லைக்குள். அவர் கதையை ஒழுங்காக எழுத நினைப்பவர் மலையின் இரண்டு பக்கக் காகிதங்களையும் படித்தாக வேண்டும்.

இதில் ஒரு சின்ன ட்விஸ்ட். திருவிதாங்கூர்க் கணக்கு கொல்லம் ஆண்டில் ஓடும். கி.பி. 825-ல் தொடங்கும் கணக்கு அது. ஆஷ் சுடப்பட்ட மாதம் அந்தக் கணக்கில் 1086. இது தெரியாமல் ஒரு பத்திரத்தைப் பார்த்தால், சோழர் காலத்துக் காகிதம் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்க வேண்டியதுதான்!

தென்காசிப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு அட்வான்டேஜ் இருக்கிறது. சீசனில் வரும் சேட்டன்களிடம் பேசிப் பேசியே ஆட்டோ ஸ்டாண்டிலும் காய்கறிச் சந்தையிலும் மலையாளம் பழகியவர்கள் நிறைய. காதுக்குப் பழகிய மொழி, எழுத்து மட்டும்தான் பாக்கி.

சிவகிரிக்குப் போகும் வழியில் ஒரு டச்சு ஒப்பந்தம்

அடுத்து டச்சு. தூத்துக்குடியை 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். இடையிடையே பிரிட்டிஷாரிடம் இழந்தாலும், 1825-ல்தான் ஒரேயடியாக விட்டுப்போனார்கள். 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது உள்ளே ஒரு காகிதம் சிக்கியது. கொழும்பு டச்சு அரசும் கட்டபொம்மு பாளையக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தம். (இவர் 1799-ல் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்தைய தலைமுறை.) ஃபுல்லர்ட்டன் அங்கிருந்து படையைத் திருப்பியது சிவகிரிக்கு. அதாவது, இன்றைய தென்காசி மாவட்டத்துக்கு.

நம் பாளையக்காரர்கள் கதையில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் குரல்தான் சத்தமாகக் கேட்கிறது. ஏனென்றால், நமக்கு ஆங்கிலம் தெரியும். டச்சுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்ததைப் படிக்க ஆளில்லை.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. அதுவரைகூடப் போக வேண்டாம். நெதர்லாந்தின் 'குளோபலைஸ்' என்ற திட்டத்தில், டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் சுமார் 50 லட்சம் கையெழுத்துப் பக்கங்களைக் கம்ப்யூட்டரை வைத்தே படித்து, ஆன்லைனில் தேடும்படி செய்திருக்கிறார்கள். பேரருவியில் குளித்துவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டபடியே போனில் தூத்துக்குடியைத் தேடலாம். தேடும்போது 'டூட்டூகோரைன்' மாதிரியான அவர்கள் ஸ்பெல்லிங் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏ.ஐ மொழிபெயர்த்துத் தந்துடுமே பாஸ்?" தரும். ஆனால் அந்தக் கடிதங்களில் 'தேய்வர்' என்று ஒருவர் அடிக்கடி வருவார். அது ராமநாதபுரம் சேதுபதி. ஊர் தெரிந்தவருக்கு உடனே பிடிபடும், மொழி மட்டும் தெரிந்தவருக்குப் பிடிபடாது. மெஷினைச் சரிபார்க்கவாவது இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

140 வருஷமாக அதே புத்தகம்

இரண்டையும் சேர்த்துச் செய்த ஒருவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். இடையன்குடியில் குடியிருந்த கால்டுவெல். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1881-ல் திருநெல்வேலி மாவட்ட வரலாறு. மொழி ஆராய்ச்சியும் ஊர் வரலாறும் ஒரே மேஜையில் நடந்தன. அவர் ஒரு மிஷனரி, அவர் பார்வையோடு சண்டை போட நிறைய இடம் இருக்கிறது. ஆனால் சண்டை போடுகிறவர்களும் அவர் புத்தகத்தைத்தான் முதலில் புரட்டுகிறோம். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது தமிழ்நாட்டில் வரலாற்று ஜுரம் அடிக்கிறது. சிவகளை இரும்புக்கு 5,300 வருஷம் என்று 2025 ஜனவரியில் முதல்வர் அறிவித்ததை ஸ்டேட்டஸ் வைக்காதவர்கள் யார்? தென்காசி மாவட்டத்தில் திருமலாபுரத்திலும் அகழாய்வு நடந்திருக்கிறது. நல்ல விஷயம். மண்ணுக்குள் இருப்பதற்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட அலமாரிக்குள் இருக்கும் காகிதத்துக்குக் கிடைக்கவில்லை.

சரி, எங்கே படிப்பது?

குற்றாலத்தில் 1964-ல் தொடங்கிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி உட்பட, நம் கலைக் கல்லூரிகளின் பாட அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பார்ட் ஒன் தமிழ் அல்லது வேறு மொழி, பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீ மெயின். ஆக, ஹிஸ்டரி ஸ்டூடன்ட் மொழியும் படிக்கத்தான் செய்கிறார். ஆனால் அது பாஸ் பண்ணிக் கடக்க வேண்டிய பேப்பர். மொழி வகுப்பில் கதை, செய்யுள். வரலாற்று வகுப்பில் தேதிகள். ஒரு பழைய ஆவணத்தை நடுவில் வைத்து இரண்டு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து பாடம் நடத்துவதை நான் பார்த்ததில்லை. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நினைத்தால், செங்கோட்டை ஆவணங்களை வைத்து ஒரு மலையாளப் பேப்பர் தொடங்க முடியும். பெரிய லேப் ஒன்றும் தேவையில்லை.

அதுவரை நாமே ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டியதுதான். 2022 ஏப்ரலில் இருந்து யு.ஜி.சி ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க அனுமதிக்கிறது. ஒன்றை நேரடியாகவும் இன்னொன்றை அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். இக்னோவில் ஜெர்மன், பிரெஞ்சு மாதிரியான மொழிகளுக்குச் சான்றிதழ் படிப்புகள் உண்டு. ஜெர்மன் கற்றவருக்கு டச்சு பங்காளி மொழி, பாதித் தூரம் தாண்டியாயிற்று. லெய்டன் பல்கலைக்கழகம் 2000-களில் ஆசிய மாணவர்களை அழைத்து, டச்சு கற்றுக்கொடுத்து, டச்சு ஆவணங்களில் ஆய்வு செய்யவைத்தது. அந்த மாதிரி கதவு திரும்பத் திறந்தால், இங்கிருந்து விண்ணப்பிக்க ஆள் தயாராக இருக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் வருஷம் முடிந்ததும் ஐ.டி. கம்பெனி மாதிரி யாரும் ஆஃபர் லெட்டர் நீட்டப்போவதில்லை. எம்.ஏ., ஆராய்ச்சி என்று காத்திருக்க வீட்டில் வசதி வேண்டும். அது எல்லோருக்கும் இல்லை. ஆனால் கல்வெட்டுத் துறை, ஆவணக் காப்பகம், மியூசியம், மொழிபெயர்ப்பு என்று வரிசையில் நிற்பவர்கள் குறைவு. மைசூரில் இருக்கும் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு ஆட்களை எடுப்பதே மொழிவாரியாகத்தான்.

பெரியப்பாவைச் சமாளிக்க ஒரு ஐடியா. இந்த லீவில் மலையாள எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் பல, நம் பக்கத்துக் கோயில்களில் இருக்கும் கிரந்த எழுத்தின் சொந்தக்காரர்கள். பிறகு செங்கோட்டைச் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் 1956-க்கு முந்தைய பத்திரம் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், முதலில் ஆண்டைப் பாருங்கள். 825-ஐக் கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.