லினக்ஸை நொந்து என்ன பயன்?

"லினக்ஸ் போட்டேன், டேட்டா எல்லாம் போச்சு!" கல்லூரிக்கு ஒருவராவது இப்படிப் புலம்புவார். பழி லினக்ஸ் தலையில். டிஸ்க் முழுவதும் அழியும் என்று இன்ஸ்டாலர் எச்சரிக்கத்தான் செய்கிறது. நம்மாள் படிக்காமலே 'நெக்ஸ்ட்' தட்டுகிறார். விண்டோஸும் போச்சு, ப்ராஜெக்டும் போச்சு.

குற்றம் அவருடையது மட்டுமா? "ரொம்ப ஈஸி, சும்மா போடு" என்று உசுப்பேற்றிய லினக்ஸ் ரசிகர்கள் எங்கே? டெஸ்க்டாப் அழகைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பார்ட்டிஷன் பற்றி மூச்சு விடமாட்டார்கள். கேட்டால், "புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க" என்பார்கள். டேட்டா போனால் மட்டும் பயப்பட மாட்டார்களா?

பி.காம். ஆரம்பப் பாடம் இது: வியாபாரக் கணக்கு வேறு, முதலாளி வீட்டுக் கணக்கு வேறு. டிஸ்க்குக்கும் அதே விதிதான். சிஸ்டத்துக்கு ரூட் பார்ட்டிஷன், சொந்த ஃபைல்களுக்கு ஹோம் பார்ட்டிஷன். நாளைக்கு சிஸ்டம் படுத்துவிட்டால் ரூட்டை மட்டும் ஃபார்மேட் செய்து மறுபடி நிறுவலாம். ஹோமை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே மவுண்ட் செய்தால் போட்டோ, ப்ராஜெக்ட் எல்லாம் பத்திரம். பழைய எம்.பி.ஆர். முறையில் 4 பிரைமரி பார்ட்டிஷன்தான் என்ற தடையாவது இருந்தது. ஜி.பி.டி.யில் வழக்கமாக 128 வரை போடலாம். இன்னும் என்ன சாக்கு?

ஹார்ட் டிஸ்க்கே செத்தால் எந்தப் பார்ட்டிஷனும் காப்பாற்றாது. ஆகவே முதலில் பேக்கப், பிறகு பார்ட்டிஷன், கடைசியில்தான் இன்ஸ்டால். இந்த வரிசையைச் சொல்லித்தராமல் பென்டிரைவை நீட்டுபவர் லினக்ஸை வளர்க்கவில்லை. விண்டோஸுக்கு ஆள் சேர்க்கிறார்.