பிள்ளை பெறுவது யாருக்காக?



அதிகம் பெற்றால் சுயநலம் என்றார்கள். 1975-77 நெருக்கடி நிலையின்போது கட்டாயக் கருத்தடைக்கு ஏழைகளை இழுத்துச் சென்றார்கள். பின்னர் காற்று திசை மாறியது. தொகுதி மறுவரையறையில் தமிழகத்தின் இடங்கள் குறையும் என்ற அச்சத்தில், 2025 மார்ச்சில் முதல்வராக நாகையில் பேசிய மு.க.ஸ்டாலின், உடனே குழந்தை பெறும்படி மணமக்களைக் கேட்டுக் கொண்டார். அன்றும் சரி, பின்னும் சரி, குழந்தை வெறும் எண்ணிக்கைதான்!

நம்மீதோ தனிப் பழி. உண்மை என்ன? தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்திய முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1992-93ல் 4.4, 2019-21ல் 2.36. பழி சுமத்துவோர் இதைச் சொல்வதில்லை.

அவர்கள் கிடக்கட்டும். நம்மை நாமே கேட்போம். சிங்கப்பெருமாள் கோவில் ஜி.எஸ்.டி. சாலையில் கடை வைத்திருக்கும் சகோதரரே! கல்லாவுக்கு ஆள் வேண்டுமென்று மகனைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தினால் அது சுயநலம். நகைக்குச் சேர்த்துவிட்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கணக்குப் பார்த்தால் அதுவும் சுயநலமே.

எத்தனை பிள்ளை என்பதைக் கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்யட்டும். பிள்ளை அமானிதம், முதலீடு அல்ல. பெறுவதில் இல்லை தியாகம், வளர்ப்பதில் இருக்கிறது.

வரும் ஜூனில் உங்கள் பிள்ளை கடையிலா, வகுப்பிலா? சிந்திப்பீர்!