அந்த 3 மில்லிமீட்டர்!

நட்டு போல்ட்டு - வாராவாரம்

மெக்கானிக்கல் படிக்கிற பசங்களுக்கு ஒரு சாபம் உண்டு ஃப்ரெண்ட்ஸ். வீட்டில் மிக்ஸி ஓடலையா, கூப்பிடு மெக்கானிக்கலை. டேபிள் ஃபேன் கத்துதா, கூப்பிடு மெக்கானிக்கலை. 'ஐயோ, அது எலெக்ட்ரிக்கல்!'னு நாம கத்தினாலும் யாரும் காதில் போட்டுக்க மாட்டாங்க.

போன மாசம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வீடியோ கால். டெக்ஸாஸில் இருக்கும் பெரியப்பா பையன். அங்கே முந்தின நாள் ராத்திரி எட்டரை. டல்லாஸில் எம்.எஸ். முடிச்சுட்டு, ஹூஸ்டனில் வேலை கிடைச்சு, வீடு மாத்துற மும்முரத்தில் இருந்தான்.

"டேய் தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? வண்டியில இருந்து டிரெய்லர் கழண்டு போச்சுடா!"

எனக்குத் தூக்கம் போச்சு.

நடந்தது இதுதான். அண்ணன் ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்.யூ.வி. வாங்கியிருக்கான். பின்னாடி டிரெய்லர் இழுக்கிற செட்டப்போடவே வந்த வண்டி. கட்டில், மெத்தை, மேஜை, பிரெஷர் குக்கர் சகிதம் எல்லாத்தையும் ஃப்ரெண்டோட குட்டி டிரெய்லரில் ஏத்தி, வண்டியில் மாட்டி, அபார்ட்மென்ட் வளாகத்துக்குள்ளேயே ஒரு ரவுண்டு அடிச்சுப் பார்த்திருக்கான். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினதும் 'டங்'! டிரெய்லர் துள்ளிக் கழண்டு மூக்கு தரையில். சேஃப்டி செயின் ரெண்டும் பிடிச்சுக்கிட்டதால் அங்கேயே நின்னுருச்சு. அதுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ரெண்டு வாண்டுகள் சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க.

"அதுங்க முகம்தான்டா கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றான். குரல் நடுங்கிச்சு.

பால்னா பசும்பால் இல்லீங்கோ!

முதலில் மேட்டரைப் புரிஞ்சுக்குவோம். அமெரிக்காவில் சொந்தக் கார்லயே டிரெய்லர் மாட்டி வீடு மாத்துறது, படகு இழுத்துட்டுப் போறது எல்லாம் சர்வ சாதாரணம். காரின் அடியில் பின்பக்கமா ஒரு சதுரக் குழாய் இருக்கும். பேரு ரிசீவர். அதுக்குள்ள சொருகுற கனமான இரும்புக் கை, பால் மவுன்ட். சொருகினதும் குறுக்கே ஒரு பின் போட்டு, அது நழுவாம இருக்க கிளிப் மாட்டணும். அந்தக் கையின் நுனியில் பளபளன்னு ஒரு இரும்புப் பந்து. அதைத்தான் பால்னு சொல்றாங்க. (பாயசம் எல்லாம் வைக்க முடியாது!) டிரெய்லரின் மூக்கில் இருக்கிற கப்ளர்ங்கிற கிண்ணி, அந்தப் பந்து மேல கவிழ்ந்து உட்கார்ந்து, லீவரைப் போட்டா பூட்டிக்கும்.

"பந்தோட உச்சியில ஏதாச்சும் நம்பர் பொறிச்சிருக்காண்ணா?"

டார்ச் அடிச்சுப் பார்த்தான். "1 7/8 இன்ச்."

"கப்ளர் மேல?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "2 இன்ச்டா."

மாட்டிக்கிச்சு குற்றவாளி! அங்கே அதிகம் புழங்குறது மூணு சைஸ். 1 7/8 இன்ச், 2 இன்ச், 2 5/16 இன்ச். முதல் ரெண்டுக்கும் வித்தியாசம் 1/8 இன்ச். அதாவது 3 மி.மீ. சொச்சம். ஃபர்ஸ்ட் இயர் லேபில் வெர்னியர் காலிப்பரை வெச்சுக்கிட்டு 'இதெல்லாம் எதுக்குடா'ன்னு புலம்பினோமே, இதுக்குத்தான். 2 இன்ச் கிண்ணி, சின்னப் பந்து மேல ஜம்முனு உட்காரும். லீவரும் மூடும். ஆனா பந்தோட வயித்துக்குக் கீழே இறுக்கிப் பிடிக்காது. ஒரு குலுக்கல் போதும், குல்லா கழண்டு வர்ற மாதிரி வந்துரும்.

பொருந்துறது வேற, பூட்டுறது வேற. அண்ணன் பார்த்தது பொருத்தம் மட்டும்தான்.

(மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா, ஐரோப்பானு போறவங்க கவனிங்க. அங்கே 50 மி.மீ. பந்துதான் வழக்கம். எங்கே போனாலும் கண்ணை நம்பாதீங்க, நம்பரைப் படிங்க!)

நோஞ்சான்தான் கேப்டன்

"அப்போ 2 இன்ச் பந்து வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதா?"

முடியலை. பந்து, பால் மவுன்ட், ரிசீவர், கப்ளர், கார் - ஒவ்வொண்ணுக்கும் 'நான் இவ்ளோதான் இழுப்பேன்'னு ஒரு கணக்கு இருக்கு. இரும்புச் சமாசாரங்களில் அதைப் பொறிச்சோ ஸ்டிக்கராவோ கொடுத்திருப்பாங்க. காருக்கு மேனுவல். அண்ணனோட கார் 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ இழுக்கும். ரிசீவரும் பால் மவுன்ட்டும் அதே அளவு. ஆனா பழைய பந்தில் இருந்தது 2,000 பவுண்டு, சுமார் 907 கிலோதான். அப்போ மொத்த டீமுக்கும் லிமிட் 2,000. இந்த ஆட்டத்தில் சச்சின் எத்தனை அடிச்சாலும் கணக்கில்லை, டீமில் யாரு நோஞ்சானோ அவன்தான் கேப்டன்!

அடுத்து உயரம். டிரெய்லர் மட்டமா போகணும். மூக்கைத் தூக்கிட்டும் போகக் கூடாது, தலையைக் கவிழ்த்துட்டும் போகக் கூடாது. சமதரையில் டிரெய்லரை மட்டமா நிறுத்தி, தரையிலிருந்து கப்ளரின் அடி விளிம்பு வரை அளக்கணும். அப்புறம் தரையிலிருந்து ரிசீவர் குழாயோட உள்பக்க மேல் விளிம்பு வரை. அண்ணன் அளந்ததில் ரிசீவர் 17 இன்ச், கப்ளர் 13 இன்ச். வித்தியாசம் 4. அப்போ 4 இன்ச் கீழே இறங்கின பால் மவுன்ட் வேணும். அவன் வண்டியில் இருந்ததோ நேரா நீட்டிக்கிட்டு இருக்கிற ரகம்! டிரெய்லர் வானத்தைப் பார்த்துக்கிட்டே வந்திருக்கு.

தாத்தா என்ட்ரி!

இவ்வளவும் சொல்லி முடிச்சு, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். அதுவரைக்கும் பக்கத்தில் காபி குடிச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்த எங்க தாத்தா, "ஏன் கண்ணு, முன்பாரம் எத்தன வெச்சானாம்?" என்றார்.

எனக்கு ஒண்ணும் புரியலை. தாத்தா அந்தக் காலத்தில் மஞ்சள் மூட்டை ஏத்தி ஈரோடு மண்டிக்கு மாட்டு வண்டி ஓட்டினவர். "பாரத்தைப் பின்னாடி ஏத்துனா நுகத்தடி மாட்டுக் கழுத்தை மேல தூக்கும். மொத்தமும் முன்னாடி ஏத்துனா கழுத்து ஒடியும். கொஞ்சம் முன்பாரம் இருக்கோணும். அப்பத்தான் வண்டி சொன்ன பேச்சு கேக்கும்."

அடடே! டெக்ஸ்ட் புக்கில் 'டங் வெயிட்'னு ரெண்டு பக்கத்துக்கு ஓட்டுறதை ஒரு மடக்கு காபியில் முடிச்சுட்டார். கணக்கு இதுதான். லோடோட சேர்த்து டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் பந்து மேல இறங்கணும். அண்ணனோட டிரெய்லர் லோடோட 1,500 பவுண்டுன்னா, பந்து மேல 150-லிருந்து 225 பவுண்டு. கிலோவில் 68-லிருந்து 102. இது குறைஞ்சா ஹைவே ஸ்பீடில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் முத்தினா காரையே புரட்டிப் போடும். அதனால சாமானில் சுமார் 60 சதவிகிதத்தை டிரெய்லரின் முன்பாதியில் ஏத்தணும்.

"குக்கர், பாத்திரம், புஸ்தகப் பெட்டி எல்லாம் எங்கண்ணா வெச்சே?"

"கடைசியா ஏத்தினோம்... பின்னாடிதான்டா."

தாத்தா தலையில் அடிச்சுக்கிட்டார். 'நோஞ்சான் கேப்டன்'னு வசனம் பேசின நான், இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை பாருங்க. தலைகுனிஞ்சு ஒத்துக்கிறேன், எனக்கும் பல்புதான்!

கிளம்பும் முன்

வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பின லிஸ்ட் இது. வெட்டி ஒட்டி வெச்சுக்கங்க, என்னைக்காவது உதவும்.

* பந்தின் நம்பரும் கப்ளரின் நம்பரும் ஒண்ணா? ஒவ்வொரு முறையும் பார்.

* பந்தில் தேய்மானம், தட்டையான இடம், பால் மவுன்ட்டில் விரிசல், வளைவு, வெல்டிங் பக்கம் துரு - எது இருந்தாலும் தூக்கிப் போடு, புதுசு வாங்கு. வெல்டு வெச்சு ஒப்பேத்தாதே.

* பந்துக்கு அடியில் இருக்கிற நட்டை, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு முடுக்கு. 'கை இறுக்கம்' கணக்கில் வராது.

* ஹிட்ச் பின் முழுசா அந்தப் பக்கம் வந்திருக்கா? கிளிப் மாட்டியிருக்கா?

* லீவரைப் பூட்டினதும் டிரெய்லரின் ஜாக்கியை லேசா உயர்த்து. காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினா கப்ளர் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். டிரெய்லர் மட்டும் எழும்பினா அதே 'டங்' காத்திருக்கு! பார்த்ததும் ஜாக்கியை மேல ஏத்தி மடக்கிடு.

* சேஃப்டி செயின் ரெண்டையும் கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே மாட்டு. டிரெய்லர் கழண்டாலும் மூக்கைத் தூளி மாதிரி தாங்கும். தரையில் உரசக் கூடாது, திரும்பும்போது இழுக்கவும் கூடாது.

* பிரேக் லைட், இண்டிகேட்டர் எரியுதா? ஒருத்தரைப் பின்னாடி நிக்க வெச்சுப் பார்.

* ஓடும்போது டிரெய்லர் வாலாட்டினா, பதறி பிரேக் அடிக்காதே, ஸ்டீயரிங்கை வெட்டாதே. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேரா பிடி.

சேர்ந்தாச்சு!

அடுத்த ரெண்டு நாளில் புது பால் மவுன்ட், 3,500 பவுண்டு தாங்குற 2 இன்ச் பந்து, எல்லாம் மாத்திட்டான். சாமானை இறக்கித் திரும்ப ஏத்தினப்போ புஸ்தகப் பெட்டிகள் முன்னாடி, மெத்தை பின்னாடி. குளியலறை எடை மெஷினை முட்டுக் கொடுத்து, டிரெய்லர் மூக்கை அதுமேல இறக்கிப் பார்த்திருக்கான். 180 பவுண்டு. டிஸ்டிங்ஷன்!

நாலு மணி நேரத்தில் போற ஹூஸ்டனுக்கு ஆறு மணி நேரம் ஆச்சாம். வழியில் மூணு தடவை நிறுத்தி, இறங்கி, பின்னையும் செயினையும் தொட்டுப் பார்த்திருக்கான். ராத்திரி ஒரு மெசேஜ். "சேர்ந்துட்டோம். தாத்தாகிட்ட சொல்லிடு."

எனக்கு ஒரு தேங்க்ஸ் கூட இல்லை. தாத்தாவுக்கு மட்டும்!

பரவாயில்லை. அந்த ரெண்டு வாண்டுகளும் இன்னிக்கும் அதே இடத்தில் சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. அது போதும்.

அடுத்த வாரம் இன்னொரு நட்டோட வர்றேன். அதுவரைக்கும் உங்க பைக் செயினைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க பாஸ்!