71-வது கொண்டை ஊசி வளைவு

இந்தப் பதிவை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா போன வாரம் சக பதிவர் ஒருத்தர், சரக்கு இறக்க வந்த லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் வீட்டு மதிலைப் பேர்த்துவிட்டது என்று பொங்கி எழுதியிருந்தார். பின்னூட்டத்தில் வழக்கம்போல கும்மி. "எல்லாம் தண்ணியைப் போட்டுட்டு ஓட்டுறானுங்க", "லைசென்ஸே காசு குடுத்து வாங்கினதுதானே", "ஒரு ரிவர்ஸ் கேமரா மாட்ட வக்கில்லையா". எல்லாத்தையும் படிச்சேன். ஒருத்தராவது "அண்ணே, உங்க வீட்டு கேட் எத்தனை அடி?" என்று கேட்பார்னு கடைசி வரைக்கும் பார்த்தேன். ஹூம்.

அதனால நான் கேக்குறேன். எத்தனை அடி?

நான் ராசிபுரத்துக்காரன். லாரின்னா எங்க ஊர்ப் பக்கம் கிட்டத்தட்ட குலதெய்வம். நாமக்கல்ல பாடி கட்டுற பட்டறைகள், திருச்செங்கோட்டுல போர் போடுற ரிக் வண்டிகள், தென்னிந்தியா பூரா கேஸ் ஏத்திட்டுப் போற டேங்கர்கள்னு மாவட்டமே டயர் மேலதான் ஓடுது. அதனால டிரைவருங்களுக்கு ஜால்ரா அடிக்கிறேன்னு யாராவது சொன்னா சொல்லிக்கோங்க. நான் எழுதப்போறது கண்ணால பார்த்தது. அதுல என் தப்பும் இருக்கு.

கொல்லிமலைன்னதும் எல்லாரும் போட்டோ போடறது காரவள்ளியில ஆரம்பிக்கிற அந்த 70 கொண்டை ஊசி வளைவைத்தான். பைக்ல போயிட்டு வந்து நாலு பாகமா பயணக் கட்டுரை எழுதாத பதிவர் உண்டா? (நானும் எழுதியிருக்கேன், ஹி ஹி.) 71-வது வளைவைப் பத்தி யாரும் எழுதறதில்லை. அது மலை மேல இருக்கிற ஒவ்வொரு வீட்டு கேட்டுலயும் இருக்கு.

என் காலேஜ் நண்பனுக்கு ஊர் கொல்லிமலை மேல திருப்புலி நாடு. அவங்கப்பா வீடு கட்டிட்டிருக்கார். குச்சிக்கிழங்கும் மிளகும் போட்டுச் சேர்த்த காசு. ரெண்டு மாசம் முன்னாடி அங்க போயிருந்தேன். நிலம் ரோட்டை விடத் தாழ்வு. ரோடு ஒரு வண்டி போற அகலம், எதிர்ல ஒண்ணு வந்தா யாராவது ஒதுங்கணும். அந்த ரோட்டுல ஒரு வளைவு முடியற இடத்துல கேட். உள்ள சரிவா ஒரு மண் பாதை. வீட்டுக்கு இன்னும் அஸ்திவாரமே முடியலை, ஆனா கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி கனத்துல கல் தூண் கம்பீரமா நிக்குது. எல்லை போடணும்னு முதல்ல தூணைக் கட்டிட்டாங்க. நம்ம ஊர் வழக்கமே அதுதானே. போர் வண்டி வரும்னா மட்டும் மதிலைக் கட்டாம விட்டு வைப்போம். தண்ணி வந்ததும் அடைச்சிடுவோம். அதுக்கப்புறம் கம்பி, செங்கல், சிமெண்ட், எம்-சாண்ட் எல்லாம் ஆகாயத்துல இருந்து இறங்கும்.

காலையில ஒரு டிப்பர் எம்-சாண்டோட வந்துச்சு. மூணு யூனிட். (ஒரு யூனிட்னா 100 கன அடி, ஏறக்குறைய நாலரை டன். மூணு யூனிட்டுக்கு நீங்களே பெருக்கிக்கோங்க.) டிரைவருக்கு நாப்பது வயசு இருக்கும். கிளீனர் கிடையாது. இப்பல்லாம் கிளீனர் வெச்சு ஓட்டினா ஓனருக்குக் கட்டுப்படியாகறதில்லை. இறங்கி வந்து கேட்டைப் பார்த்தார், மண்ணைக் காலால உதைச்சுப் பார்த்தார், "ரோட்டோரமாவே கொட்டிடட்டுங்களா?"ன்னு கேட்டார். "பஸ்ஸு போகணுமேப்பா, உள்ள வாங்க, நாங்க பார்த்துக்கறோம்"னு நண்பனோட அப்பா சொன்னார்.

அந்த 'நாங்க'வுல மொத்தம் ஆறு பேர். மேஸ்திரி, ரெண்டு சித்தாளு, நண்பன், அவன் சித்தப்பா, அப்புறம் அடியேன். ஆறு பேரும் ஆறு இடத்துல நின்னு கத்தறோம். "வா வா வா", "லெஃப்ட்ல ஒடி", "ரைட்ல ஒடிங்கண்ணே", "வரலாம் வரலாம்". நடுவுல சித்தப்பா "ஹோல்டான்"னு கத்த, அதே நேரத்துல நான் "வாங்கண்ணே இன்னும் இடம் இருக்கு"ன்னேன். வண்டியோட பின் மூலை இடது தூண்ல மெதுவாத்தான் இடிச்சது. தூண் மெதுவா சாயலை. மொத்தமா விழுந்துச்சு.

அரை நிமிஷத்துக்கு முன்னாடி அந்தத் தூணுக்குப் பின்னாடி நண்பனோட அக்கா பொண்ணு நின்னு வேடிக்கை பார்த்துட்டிருந்தா. நாலு வயசு. அவங்க பாட்டி வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனதாலதான் நான் இந்தப் பதிவை இந்தத் தொனியில எழுத முடியுது.

அப்புறம் நடந்ததை நீங்களே யூகிச்சிருப்பீங்க. ஆறு பேரும் சேர்ந்து டிரைவரைத் திட்டினோம். "கண்ணு தெரியலையா?" அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசலை. தூணுக்குன்னு 3000 ரூபாய் பேசி முடிச்சாங்க, அதை ஓனர் அவர் பேட்டாவுலதான் புடிப்பாராம். ராத்திரி தூக்கம் வராம நான் செல்போன்ல கணக்குப் போட்டேன். அதை இங்க போடறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

மோட்டார் வாகன விதிப்படி ஒரு லாரி அதிகபட்சம் 2.6 மீட்டர் அகலம் இருக்கலாம். கேட் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். நேரா வந்தா பக்கத்துக்கு 22 சென்டிமீட்டர் மிச்சம். ஆனா குறுகலான ரோட்டுல இருந்து தொண்ணூறு டிகிரி திரும்பற வண்டி நேரா வராது, சாய்ந்துதான் நுழையும். 20 டிகிரி சாய்வுன்னு வைங்க. அப்ப வண்டிக்குத் தேவை 2.77 மீட்டர். தூண் வெறும் கோடு இல்லையே, ஒன்றரை அடி கனம் இருக்கே, அதைச் சாய்வாத் தாண்ட இன்னும் 16, 17 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 2.93. மிச்சம் பக்கத்துக்கு 6 சென்டிமீட்டர், மூணு விரல் அகலம். அன்னிக்கு வந்த டிப்பர் இந்த உச்ச அகலத்தை விடக் கொஞ்சம் ஒல்லிதான், ஒத்துக்கறேன். ஆனா பக்கக் கண்ணாடியை நான் கணக்குலயே சேர்க்கலை. சரிவுல, பொத பொதன்னு இருக்கிற மண்ல, பதிமூணு டன்னுக்கு மேல ஏத்திட்டு, பின்னாடி பார்த்துக்கிட்டே விரல் கணக்குல ஓட்டணும். ஓட்டலைன்னா குடிகாரன்.

அதே தூண்கள் 14 அடி இடைவெளியில இருந்திருந்தா பக்கத்துக்கு 65 சென்டிமீட்டருக்கு மேல மிச்சம். வித்தியாசம் நாலடி இரும்பு கேட்டுக்கான காசு.

சாலைக்கு விதி இல்லாமல் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸின் மலைச்சாலைக் கையேடு, கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும், அந்த இடத்தில் சரிவு நாற்பதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது, சாதாரண கிராமச் சாலையாக இருந்தாலும் வளைவின் முனையில் 6.5 மீட்டர் அகலம் வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கையேடு தார் முடியும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த அடியில் அதே லாரி அதை விட மோசமான வளைவை, அதுவும் பின்பக்கமாக எடுக்கிறது. அங்கே விதி என்பது மேஸ்திரியின் நூல்தான்.

சட்டத்தையும் பாருங்க. அன்னிக்கு அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா முதல் தகவல் அறிக்கையில யார் பேர் இருந்திருக்கும்? பழைய இ.பி.கோ. 304ஏ-வுல அலட்சியத்தால் மரணத்துக்கு அதிகபட்சம் ரெண்டு வருஷம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 106(1)-ல அது அஞ்சு வருஷம். 106(2)-ஐ எதிர்த்து 2024 ஜனவரியில வடநாட்டுல லாரிக்காரங்க வண்டியை நிறுத்தினாங்களே, அது வேற, இடிச்சுட்டு ஓடிப்போறவங்களுக்கானது, அதை மட்டும் அப்ப அமலுக்குக் கொண்டுவராம நிறுத்தி வெச்சாங்க. இன்னொரு பக்கம், 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. ரோட்டை மோசமா வடிவமைச்சு அதனால சாவோ ஊனமோ நடந்தா ஒப்பந்தக்காரருக்கு ஒரு லட்சம் வரை அபராதம். டிசைன் பண்ணவனும் பொறுப்புன்னு நம்ம சட்டம் ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் இது. ஆனா கேட் தனியார் சொத்தாச்சே. பத்தடிக்கு நூல் கட்டினவருக்கு எந்தப் பிரிவும் கிடையாது. "உள்ள வாங்க, நாங்க பார்த்துக்கறோம்"னு சொன்னவருக்கும் கிடையாது. "இன்னும் இடம் இருக்கு"ன்னு கத்தின எனக்கும் கிடையாது.

சரி, கேமரா மேட்டருக்கு வருவோம். நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு எந்தப் பிரச்சனைன்னாலும் ஒரு கருவி வாங்கினா தீர்ந்துடும். அமெரிக்காவுல 2018 மே மாசத்துல இருந்து புது வண்டிகளுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் எடுத்த கார்ல அடிபட்டுச் செத்துப்போன ஒரு சின்னக் குழந்தையோட பேராலதான் அந்தச் சட்டமே வந்துச்சு. ஆனா அது 10,000 பவுண்ட், அதாவது நாலரை டன் வரைக்கும் உள்ள வண்டிகளுக்குத்தான். லாரி அதுலயே வராது. இங்க 2019 ஜூலையில இருந்து புது கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். நல்லது. லாரிக்கும் மாட்டுங்க, நான் எதிரி இல்லை. ஆனா எம்-சாண்ட் புழுதியிலயும் கொல்லிமலைப் பனியிலயும் அந்தக் கண்ணாடி எத்தனை மணி நேரம் தெளிவா இருக்கும்? தவிர, பின்பக்கம் உள்ள போகும்போது வண்டியோட மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். அந்தப் பக்கம் ஒண்ணு பள்ளம், இல்லைன்னா வளைவுல ஹார்ன் அடிக்காம வர்ற பைக். அதைப் பின்பக்கக் கேமரா காட்டாது. எல்லாத்துக்கும் மேல, கேமரா கேட்டை அகலமாக்காது.

பிரிட்டன்ல வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு அமைப்பு சொல்றது என்ன தெரியுமா? வேலையிடத்துல வண்டிகளால நடக்கிற சாவுகள்ல கிட்டத்தட்ட கால்வாசி ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்குது. அவங்க முதல் யோசனை 'நல்லா ரிவர்ஸ் எடு' இல்லை. ரிவர்ஸே எடுக்க வேண்டாத மாதிரி இடத்தை அமை, ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகட்டும். அது முடியலைன்னாத்தான் மத்ததெல்லாம். நாம தலைகீழ். இடத்தை எப்படி வேணா அமைப்போம், திறமையை மட்டும் டிரைவர்கிட்ட எதிர்பார்ப்போம்.

மலைச் சரிவுல ரெண்டு வழி வைக்க முடியாதுன்னு சொல்வீங்க. நியாயம். அப்ப இருக்கிற ஒரு வழியையாவது ஒழுங்கா யோசிக்கலாமே. அன்னிக்கு அந்த டிரைவர் அப்புறமா டீ குடிக்கும்போது சொன்னதுதான் எனக்கு உறைச்சது. "தம்பி, கேட்டு எனக்கு இடது கைப் பக்கம். வண்டி அந்தப் பக்கம் மடங்கினா இடது கண்ணாடியில என் தொட்டிதான் தெரியும், தூணு தெரியாது. ஒரு கிலோமீட்டர் மேல போயி திருப்பிட்டு வந்திருந்தா கேட்டு என் பக்கம் வந்திருக்கும், தலையை வெளிய நீட்டிப் பார்த்துருப்பேன். நீங்கதான் சீக்கிரம் சீக்கிரம்னீங்க." நம்ம நாட்டுல ஸ்டியரிங் வலது பக்கம். வண்டியோட வால் வலது பக்கம் திரும்பினா டிரைவருக்குக் கண்ணு இருக்கு, இடது பக்கம் திரும்பினா குருடு. இதைப் புரிஞ்சுக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. நான் படிச்சும் அதுவரை புரியலை. (வலது பக்கம்னா வண்டி ரோட்டுக்குக் குறுக்க வரும், ரெண்டு பக்கமும் ஆள் நின்னு டிராபிக்கை நிறுத்தணும். நாங்கதான் ஆறு பேர் சும்மா கத்திட்டிருந்தோமே.)

இன்னொண்ணு அந்தக் கத்தல். நம்ம ஊர் "வா வா வா" உண்மையில அருமையான முறை. குரல் வந்துட்டே இருக்கிற வரைக்கும் வண்டி வரலாம், நின்னா நிக்கணும். சர்வருங்க ஒண்ணுக்கொண்ணு உயிரோட இருக்கோம்னு சொல்லிக்கிற மாதிரி. ஆனா அது ஒரே ஒரு குரலா இருந்தாத்தான் வேலை செய்யும். ஆறு குரல்னா ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும், டிரைவருக்கு எது நின்னதுன்னே தெரியாது. "லெஃப்ட்"னா யாரோட லெஃப்ட்? முன்னாடி டிரைவரைப் பார்த்து நிக்கிறவனோட இடது கை டிரைவரோட வலது கை. ஒருத்தர்தான் சொல்லணும், அவரும் கண்ணாடியில தெரியற இடத்துல நிக்கணும், அவர் கண்ணாடியில இருந்து மறைஞ்சா டிரைவர் பிரேக்கை மிதிக்கணும். மத்த அஞ்சு பேருக்கும் ஒரே வேலை, குழந்தைங்களைப் புடிச்சு வெக்கிறது.

அந்த ஊரை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சு உயிரை வீழ்த்தினான்னு புறநானூறு சொல்லுது. கேட்டுக்கும் குழந்தைக்கும் நடுவுல மூணு விரல் இடம் விட்டுட்டு லாரிக்காரனும் அந்த மாதிரி குறி பார்க்கணும்னு எதிர்பார்க்கிறோம்.

அடுத்த லோடு மூணு நாள் கழிச்சு வந்துச்சு. வேற டிரைவர். தூண் விழுந்துட்டதால பதினாலு, பதினஞ்சு அடி திறப்பு. மேல போய்த் திருப்பிட்டு வந்தார், நண்பன் ஒருத்தன் மட்டும் கை காட்டினான், ஒரே தடவையில உள்ள போய்க் கொட்டிட்டுப் போயிட்டார். யாரும் பாராட்டலை, அதுல பாராட்ட ஒண்ணும் இல்லை.

நேத்து ராத்திரி நண்பன் போன் பண்ணினான். மேஸ்திரி தூணுக்கு மறுபடியும் நூல் கட்டிட்டாராம். எத்தனை அடின்னு கேட்டேன்.

"பத்துதான்டா. அப்பா ஏற்கனவே கேட்டு வாங்கி வெச்சுட்டார்."