கோட்டைக்குள்ளேயே ரயில் நிற்கிறது; கார் எதற்கு?

காவிரிக்கு மூன்று அரங்கங்கள் என்பது பெரியவர்கள் சொல்லும் கணக்கு. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், தமிழ்நாட்டு ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் பெங்களூரிலும் மைசூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பல, ஆதிரங்கத்துக்குக் கிளம்பி விடுகின்றன. கிளம்புவதில் தவறில்லை. காரையும் வேனையும் கோயில் வாசல் வரை ஓட்டிக்கொண்டு போய்த்தான் நிறுத்துவது என்ற பிடிவாதத்தில்தான் தவறு இருக்கிறது.

அந்த ஊர் இன்றைய வாகனங்களுக்காக ஏற்பட்டதல்ல. காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்த தீவு. அதன் மேற்குப் பகுதியில் கோட்டை. ரங்கநாதர் சந்நிதியும், ஜும்மா மசூதியும், 1799 மே 4ஆம் தேதி திப்பு சுல்தான் மாண்ட இடமும், சாதாரண ஜனங்களின் வீடுவாசல்களும் அந்த ஒரே கோட்டைக்குள் அடங்கியிருக்கின்றன. குதிரையும் பல்லக்கும் வந்துபோன வாசல்களில் இன்று இரண்டு வேன்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். விடுமுறை நாளில் அங்கே குடியிருப்பவர் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது எப்படி என்று யாராவது யோசித்ததுண்டா?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, “வீதியை அகலப்படுத்து, கோட்டைக்குள்ளேயே பெரிய வாகன நிறுத்தம் கட்டு” என்பது. 2010இல் திருத்தப்பட்ட புராதனச் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். இந்தச் சட்டத்தால் உள்ளூர்க்காரர் தம் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பவும் தயங்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வெளியூர்க் காருக்கு மட்டும் இடம் ஒழித்துத் தர வேண்டும் என்பது என்ன நியாயம்?

பழமையைக் காத்தால் போக்குவரத்து வளராது என்பாரும் உண்டு. அவர்களுக்கு அதே ஊரில் பதில் இருக்கிறது. பெங்களூர்–மைசூர் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலைக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் ஆயுதக் கிடங்கு குறுக்கே நின்றது. இடித்துத் தள்ளியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ரயில்வே அதைச் செய்யவில்லை. வருஷக்கணக்கில் வேலை தாமதப்பட்டாலும், 2017 மார்ச்சில் சுமார் 1000 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அடியோடு ஜாக்கி வைத்துத் தூக்கி, நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி, வேறு இடத்தில் அப்படியே உட்கார வைத்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் குலையவில்லை. அதன் பிறகே இரண்டாவது தண்டவாளம் வந்தது. இவ்வளவு சிரமப்பட்டுப் போட்ட பாதையைப் பயன்படுத்தாமல், பக்கத்திலேயே கார் வரிசை நிற்பதுதான் வேடிக்கை.

ஸ்ரீரங்கப்பட்டணம் ஸ்டேஷன் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. இறங்கினால் கோயில் நடக்கும் தூரம். மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 2024 பிப்ரவரியிலிருந்து மறுபடி 10 ரூபாய் ஆகியிருக்கிறது. இப்படி வாய்த்த புராதன ஊர்கள் இந்தியாவில் அதிகமில்லை.

எல்லா விரைவு ரயில்களும் அங்கே நிற்க வேண்டும் என்று மனு எழுதுவது பயன் தராது. ஒரு ரயிலை நிறுத்தி, மறுபடி கிளப்பி, பழைய வேகத்துக்குக் கொண்டுவரச் சில நிமிஷங்கள் போய்விடும். ஊருக்கு ஊர் கேட்டால் விரைவு ரயிலும் பாசஞ்சராகி விடும். சனி, ஞாயிறு, திருவிழா நாட்களில் மைசூருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் இடையே ஷட்டில் ரயில் விடுவதே பொருத்தம். பெங்களூர்க்காரர்கள் மைசூரில் இறங்கி மாறிக்கொள்ளலாம்.

ரயிலில் வர முடியாதவர் காரில் வரட்டும். ஆனால் கோட்டைக்கு வெளியே, சாலையோரமாக நிறுத்திவிட்டு வரட்டும். ஸ்டேஷன், கோயில், தரியா தௌலத், கஞ்சாமில் உள்ள கும்பஸ், நிமிஷாம்பா கோயில் ஆகியவற்றைச் சுற்றிவர பேட்டரி வண்டிகளும், கட்டணம் நிர்ணயித்த ஆட்டோக்களும், ஜட்காக்களும் போதும். முதியவர்களையும் ஊனமுற்றவர்களையும் ஏற்றிச் செல்ல முதலிடம் தர வேண்டும்.

இது ஆகாத காரியமல்ல. ஹம்பியில் விட்டலர் கோயிலுக்கு முன்னால் கடைசிக் கிலோமீட்டரில் கார் போவதில்லை, பேட்டரி வண்டிதான். அவற்றைப் பெண்கள் ஓட்டுகிறார்கள். அதே ஹம்பி, பாலம் கட்டும் அவசரத்தால் 1999இல் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் ஏறி, 2006இல்தான் இறங்கியது. அப்போது சர்ச்சைக்குள்ளான ஆனேகுந்திப் பாலம் 2009 ஜனவரியில் கட்டிக்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்தது. உயிர்களும் போயின.

கடைக்காரர்களின் பயத்தை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2023 மார்ச் 12ஆம் தேதி பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்ட பிறகு, சன்னபட்டணத்துப் பொம்மைக் கடைகளும் மத்தூரின் வடைக் கடைகளும் வியாபாரம் படுத்துவிட்டதாக முறையிட்டன. புறவழிச் சாலை புகையைக் கொண்டுபோனது போலவே வாடிக்கையாளரையும் கொண்டுபோயிற்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் அந்தச் சாலை ஒதுக்கிவிட்டது. ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருபவர் வழிப்போக்கர் அல்ல. அந்த ஊருக்கென்றே வருபவர். காரிலிருந்து இறங்கிச் சாமி கும்பிட்டுக் காரில் ஏறுகிறவர் பத்து ரூபாய்க்குப் பூ வாங்குவதோடு சரி. ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறவர் இளநீர் குடிப்பார், இட்லி சாப்பிடுவார், குழந்தைக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பார்.

பெரிய திட்டமெல்லாம் உடனே வேண்டாம். வரும் புரட்டாசியின் சனிக்கிழமைகளில் மட்டும் மண்டியா மாவட்ட நிர்வாகமும் தென்மேற்கு ரயில்வேயும் கூடிப் பேசி, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு ஷட்டில் விடட்டும். கோட்டை வாசலில் வெளியூர் வாகனங்களை நிறுத்தட்டும். எத்தனை டிக்கெட் விற்றது என்பது ஸ்டேஷன் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஸ்டேஷனில் குடிதண்ணீரும், சுத்தமான கழிப்பிடமும், பை வைக்க ஓர் அறையும் முதலில் சரியாக இருக்கட்டும். பெங்களூரிலுள்ள தமிழ்ச் சங்கங்கள், யாத்திரைக்கு வேன் பேசுவதற்கு முன் ரயில் நேரத்தை விசாரிக்கட்டும்.